சிவரூபி டீச்சர் வெட்டவில்லை

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மலைச்சாரல் கலை மன்றத் தலைவர் விஜேந்திரன் அவர்களே, மன்றத்து உறுப்பினர்களே, பதுளை நகரத்துப் பெரியோர்களே, பண்டாரவளையிலிருந்து வந்திருக்கும் எழுத்தாளர் முஸ்தாக் அவர்களே! வாசலோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருக்கும் நமுனுகுல மக்களே! உங்களுக்குத்தான் முதல் வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே வாருங்கள். நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன, இந்த மண்டபம் யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் தர்மலிங்கம். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். சிவரூபி டீச்சர் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போன இடமெல்லாம் ஸ்பீக்கர் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனவன்.

வெளியே பதாகையில் 'கலைச்சுடர் சிவரூபி' என்று அடித்திருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தை நான் சொல்லப்போவதில்லை. அது எப்படி வந்த பட்டம் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே விளங்கும். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'டேப் டீச்சர்'. எனக்கு அந்தப் பட்டம் போதும்.

அந்த அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி இங்கே படிப்பிக்க வந்தவர். வந்தவர்கள் எல்லாரும் எப்போது ஊருக்குத் திரும்பலாம் என்று நாள் பார்க்க, இவர் ஓய்வு பெற்றும் போகவில்லை. எழுத்தாளர்களையும் தப்படிக்கும் கலைஞர்களையும் பாட்டுக்காரர்களையும் இந்த மண்டபத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். அதை முழுவதுமாகப் பதிவு செய்வார். இங்கே வர முடியாதவர்களுக்காகத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவார்.

இதை யாரும் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம்! ஆனால் பேச்சு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். டீச்சர் கிளம்ப மாட்டார். கேட்டவர்கள் பக்கம் ரெக்கோடரை நீட்டுவார். அவர்கள் சொல்வதை அந்தப் பேச்சின் வாலிலேயே சேர்ப்பார். தெமோதரைத் தோட்டத்தில் சொன்ன பதில் நமுனுகுலயில் கேட்கும். நமுனுகுலயில் சொன்னது அடுத்த தோட்டத்தில் கேட்கும். ஒரு மணி நேரப் பேச்சு ஊர் சுற்றித் திரும்பும்போது மூன்று மணி நேரமாகியிருக்கும்.

"என்ன டீச்சர், இழுத்துக்கொண்டே போகிறதே" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன்.

"அண்ணை, அவையள் சொல்லுறதையும் சேர்த்துத்தான் கேக்கவேணும். பாதிப் பேச்சைக் கேட்டு என்ன பிரயோசனம்?" என்றார்.

நாம் இந்த மண்டபத்தில் எப்படிக் கேட்கிறோம்? கைகட்டி உட்கார்ந்து, கடைசியில் கைதட்டி, வடையும் தேநீரும் முடித்துக்கொண்டு போகிறோம். அங்கே அப்படியில்லை. பெட்டியிலிருந்து ஒருவர் "நல்லா இருக்கீங்களா" என்றால், "இருக்கோங்க, நீங்க?" என்று நாலு பேர் பதில் சொல்வார்கள். பிடிக்காததைச் சொன்னால் "அட, போய்யா" என்று பெட்டியைப் பார்த்தே திட்டுவார்கள். ஆள் எதிரில் இருப்பது போலத்தான் பேச்சு.

முஸ்தாக் அவர்களின் பேச்சை நமுனுகுலயில் போட்ட நாளைச் சொல்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் கூட்டம். "தோட்டத்துப் பெண்களின் மௌனத்தைத்தான் நான் எழுதினேன்" என்று பெட்டியில் அவர் சொன்னார். இந்த மண்டபத்தில் அந்த இடத்துக்குப் பலத்த கைதட்டல்! அங்கே பேச்சியம்மா எழுந்துவிட்டார். அதோ, தூணருகே நிற்கிறாரே, அவர்தான்.

"யாருங்க மௌனமா இருக்கோம்? காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துல வந்து நின்னு பாருங்க, கங்காணி காதப் பொத்திக்கிட்டு ஓடுவாரு! உங்க காதுல விழலைங்கிறதுக்காக நாங்க பேசவே இல்லைன்னு எழுதிப்புடுவீங்களா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. டீச்சர் அதை அப்படியே முஸ்தாக் அவர்களுக்குக் கொண்டுபோனார். அவர் கோபித்தாரா? இல்லை! "அந்த அம்மா சரியாத்தான் சொல்றாங்க. நான் வேனை விட்டு எறங்காமலே எழுதிட்டேன்" என்று பதில் பதிந்து கொடுத்தார். அதைக் கேட்ட அன்றைக்குப் பேச்சியம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

இப்போது போன தைப்பொங்கலுக்குப் பிறகு நடந்த விழாவுக்கு வருகிறேன். இதே மண்டபம். டீச்சரின் பதிவுகளை மன்றம் யூடியூப்பில் வெளியிடப்போகிறது, எல்லாரும் வாருங்கள் என்று அழைப்பு. நமுனுகுலயிலிருந்து பஸ் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து, தங்கள் குரலைத் தாங்களே கேட்க வந்தார்கள். டீச்சருக்குப் பொன்னாடை போர்த்திப் பட்டம் கொடுத்தீர்கள். விளக்கை அணைத்துத் திரையில் பேச்சைப் போட்டீர்கள்.

முஸ்தாக் அவர்கள் மௌனத்தைப் பற்றிச் சொன்னார். நமுனுகுலயிலிருந்து வந்த வரிசை முழுவதும் பேச்சியம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். அவர் குரல் வரவில்லை. கைதட்டல் வந்தது. எந்த ஊரில் யார் தட்டியதோ, எங்கிருந்தோ இறக்கி ஒட்டிய கைதட்டல்! தெமோதரை இல்லை, நமுனுகுல இல்லை, ஒருவருடைய பதிலும் இல்லை. எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, அந்த இடமெல்லாம் தட்டு தட்டென்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.

விளக்குப் போட்டதும் பேச்சியம்மா மேடைக்குக் கீழே வந்து நின்றார். "எங்ககிட்ட பேச்ச வாங்கிட்டுப் போயி குப்பையில கொட்டிட்டீங்களே டீச்சர்? வேணாம்னா கேக்காமலே இருந்திருக்கலாமே?"

டீச்சர் பேச்சியம்மாவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மடியில் பொன்னாடை, முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கும் அது அந்த நிமிடம்தான் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு எல்லாம் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னாரா? போனை நோண்டிக்கொண்டிருந்தார்!

தலைவர் எனக்குத் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கமாக' என்று எழுதியிருக்கிறது. ஐயா, நீங்கள் சுருக்கியவரைக்கும் போதும்.

விழா முடிந்ததும் கேட்டேன், ஏன் ஐயா இப்படிச் செய்தீர்கள் என்று. "நல்லதுக்குத்தாங்க செஞ்சேன். இருமல், பிள்ள அழற சத்தம், தோட்டத்துப் பேச்சு, ஒரே இரைச்சல். வெளிநாட்டுக்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றீர்கள். விஜேந்திரன் அவர்களே, நீங்கள் தெமோதரையில் லயத்தில் பிறந்தவர். உங்கள் அம்மா கொழுந்துக்கூடை சுமந்து உங்களைப் படிக்கவைத்தவர். அந்தக் குரல் உங்கள் காதுக்கு இரைச்சலா? வெளியூர்க்காரன் வெட்டியிருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

அன்றே நான் நமுனுகுலவுக்குப் போய் உண்மையைப் போட்டு உடைக்கப் பார்த்தேன். டீச்சர் தடுத்துவிட்டார். "வேண்டாம் அண்ணை. மன்றம்தான் வெட்டினது எண்டு தெரிஞ்சால், இனி ரெக்கோடரோட வாற ஒருத்தரையும் அவையள் நம்பமாட்டினம். என்னோட மட்டும் கோபிச்சுக்கொண்டு போகட்டும். தலைவர் தானாப் போய்ச் சொல்லுவார், பாருங்கோ."

பார்த்தோம் டீச்சர்! மாதக்கணக்காகப் பார்த்தோம். தலைவர் சொல்லவே இல்லை. நீங்கள் மட்டும் விடாமல் நமுனுகுலவுக்குப் போனீர்கள். பிள்ளை மடுவத்தில் பெட்டியை வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு குஞ்சு குருமான்கூட வரவில்லை. லயத்து வாசலில் நின்றவர்கள் நம்மைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். திரும்பும் வழியெல்லாம் நீங்கள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். உங்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டென்றால் அது இதுதான். என் வாயையும் சேர்த்துக் கட்டிப்போட்டீர்களே, அது நியாயமா?

போன மாதம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "நமுனுகுலயில இருந்து ஆராவது வந்தவையே?" உண்மையில் ஒருவரும் வரவில்லை. மழை, பஸ் ஓடவில்லை என்று புளுகினேன். ஆள் போய்விட்டார். செய்யாத குற்றத்தைத் தலையில் சுமந்துகொண்டே போய்விட்டார்.

நமுனுகுல மக்களே, உங்களிடமும் எனக்குக் கோபம்தான். அத்தனை வருடம் உங்கள் மத்தியில் உட்கார்ந்து, பால் கலக்காத உங்கள் சாயத்தண்ணியைக் குடித்து, உங்கள் பேச்சு முடியும்வரை எழுந்திருக்காத மனுஷி. ஒரு கைதட்டலைக் கேட்டதும் அவரையா சந்தேகப்பட்டீர்கள்? வீடு தேடிப் போய் "நீங்கதான் வெட்டினீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்க ஆளில்லாமல் போய்விட்டதா? ஆனாலும் இன்றைக்கு மழையில் நனைந்து வந்திருக்கிறீர்கள். அதை நினைத்தால் மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குரலை டீச்சர் வெட்டவில்லை. கடைசி இருமல்வரை முழுப் பதிவும் என் கடை மாடியில் பத்திரமாக இருக்கிறது.

இந்த மேடையில் சபதம் எடுப்பது வழக்கம். நானும் எடுக்கிறேன். வருகிற பௌர்ணமிக்கு, போயா விடுமுறை நாளில் அந்தப் பதிவோடு பிள்ளை மடுவத்துக்கு வருவேன். கதவைச் சாத்தினால் அடுத்த போயாவுக்கும் வருவேன். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை டீச்சரைப் போலவே உட்கார்ந்திருப்பேன். முஸ்தாக் அவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை வேனை விட்டு இறங்குவாராம்.

ஆனால் நான் சொன்னால் போதாது. நான் டீச்சரின் ஆள், அப்படித்தான் பேசுவேன் என்று நாளைக்கே ஒருவர் சொல்லுவார். வெட்டியவர் வாயால் வர வேண்டும். அவர் வாயைத் திறக்கும்வரை இந்த மைக்கை விட்டு நான் நகரப்போவதில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் கத்திக்கொண்டு நிற்பேன்.

என்ன தலைவரே, எழுந்துவிட்டீர்களே? நல்லது. படத்துக்கு மாலை போடத்தானே வருகிறீர்கள்? அதை அந்த மேசையில் வையுங்க. படத்தைப் பார்க்காதீங்க, அந்தப் பக்கம் திரும்புங்க. பேச்சியம்மா நிக்கிறாங்க. அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.