பதினோரு முறை மன்னித்தவள்

உங்கள் வரவேற்பறை ஃபேன் கீச்சிடுகிறது, டாக்டர். ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் என் மனைவி வர்ஷாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது.

நான் கொண்டுவந்த ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு, புதிதாக விந்துப் பரிசோதனை செய்து வரச் சொன்னீர்கள். இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். கெட்டிக்காரர். நான் கொண்டுவந்தது என் பட்டுக்கடை பிரிண்டரில் போட்டது. கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது, இல்லையா?

உண்மையான ரிப்போர்ட்டைச் சென்னையில் கொடுத்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர், பாவம், ஏசியிலும் வியர்த்துக்கொண்டே விளக்கினார். "செல்லு இருக்குதுங்க. அது விந்தணு ஆகணும்னா ஒடுக்கற்பிரிவு ஆரம்பிக்கணும். டி.என்.ஏ.வைச் சுருட்டி வச்சிருக்கிற குரோமாட்டின் அந்த நேரத்துல தளர்ந்து, அதை ஆரம்பிச்சு வைக்கிற ஜீனுக்கு வழி விடணும். உங்களுக்கு விடல."

பட்டு வியாபாரிக்கு இது புரியாதா? சிட்டம் சிட்டமாகச் சுருட்டிக் கட்டிய நூல் இருக்கிறது, அவிழ மாட்டேன் என்கிறது. மருந்து இல்லை என்றார். நன்றி சொல்லிவிட்டு ஆரணி பஸ் ஏறினேன்.

அப்போதைய மனைவி திரிசலா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க? காலையிலருந்து பயந்துகினே கீறேன்."

"உனக்குத்தான் கொஞ்சம் வைத்தியம் பாக்கணுமாம்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

இல்லை என்றேன். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு வருடக்கணக்கில் ஊசி, மாத்திரை, இரண்டு ஆபரேஷன். இரண்டாவதில் சீழ் பிடித்து, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. "என்னால உங்க வம்சம் நின்னுடக் கூடாது" என்று அவளே விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேசூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கமான பெண்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் ஜைனர்கள். வருடா வருடம் தசலட்சண விரதம் முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்போம். "தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்சதை மன்னிச்சுடு" என்று திரிசலாவிடம் கேட்காத வருடமே கிடையாது. பதினோரு தடவையும் மன்னித்தாள். எதற்கு என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதற்கு நான் என்ன செய்வேன்?

ஆகவே என் பக்கம் பாக்கி எதுவும் இல்லை. நான் கொண்டுவந்த ரிப்போர்ட்டையே ஃபைலில் வைத்துக்கொண்டு, வர்ஷாவுக்குத் திங்கட்கிழமை ஊசியை ஆரம்பித்துவிடுங்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அடுத்த மாதம்தான் தசலட்சணம் வருகிறதே. அவளிடமும் கேட்டுக்கொள்வேன்.