கறுப்பு பெயின்ட், இரண்டு பூச்சு

துருப்பிடித்த போல்ட்டை அவசரப்படுத்தக் கூடாது, டெபுடி ஷெரிஃப் மேடம். எண்ணெயை அடித்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் அதுவே இளகிக்கொடுக்கும். அவசரப்படுகிறவன்தான் போல்ட்டின் தலையை முறிப்பான். எல்டனிடமும் அன்றைக்கு இதைத்தான் சொன்னேன். நான் நிதானமாகத்தான் இருந்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இந்த டாய்ல் கோபத்தில் செய்துவிட்டான் என்று ஊரில் பேச வேண்டாம்.

எல்டனுக்கும் எனக்கும் முப்பத்தொரு வருஷப் பழக்கம். மர ஆலையில் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒவ்வொரு அக்டோபரும் எல்க் மான் வேட்டைக்கு ஒன்றாகப் போவோம். இடாஹோவில் பிறந்த உங்களுக்குத் தெரியாததா? தன் வேட்டையிடத்தை எவனும் வெளியே சொல்ல மாட்டான். பாதிரியார் கேட்டால்கூட வேறு மலையைக் கைகாட்டிவிடுவான். ஓடை பிரிகிற இடத்துக்கு மேலே இருக்கும் அந்தப் பள்ளத்தை என் அப்பா எனக்குக் காட்டினார். கூடப் பிறந்த அண்ணனுக்குக்கூட நான் காட்டவில்லை. எல்டனுக்குக் காட்டினேன். யாரையும் கூட்டிவர மாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான்.

இந்த மே மாதம் எனக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. ஆகஸ்டில் பெட்ரோல் பங்கில் அவன் மருமகன் கோல்பியைப் பார்த்தேன். தச்சு வேலை செய்கிறவன். வாய் ஓயாது.

“என்ன டாய்ல், முட்டி எப்படி இருக்கு? மாமாவும் நானும் மலைக்குப் போயிட்டு வந்தோம். அந்த ஓடைக்கு மேல தண்ணி என்னா ஜில்லு...” என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, டயரில் காற்று பார்க்கப் போய்விட்டான்.

நான் நியாயமான ஆள். அந்த வாரம் எல்டன் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

“மலைப்பக்கம் எங்கயாவது போனியாடா?”

“நானா? வீட்டு வாசலைத் தாண்டலடா. நீ இல்லாம எனக்கென்ன மலை?”

என் சமையலறையில் உட்கார்ந்து, என் கோப்பையில் காபி குடித்துக்கொண்டே சொன்னான். என் மனைவி என்னை விட்டுப் போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை. அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பிறகுதான் அவன் அந்தப் பழைய கேம்பரை வாங்கினான். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கிற படுக்கையறைக் கூண்டு. இத்தனை வருஷமும் நாங்கள் கூடாரத்தில், வெறும் தரையில்தான் படுத்தோம். மருமகனுக்கு மெத்தை கேட்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“கூண்டை ஏத்தினா வளைவுல வண்டி குடிகாரன் மாதிரி ஆடுதுடா. நாப்பது மைலைத் தாண்டவே பயமா இருக்கு. பின்னாடி ஒரு ஸ்வே பார் போட்டுக் குடேன்” என்றான்.

அது பின் அச்சை ஒட்டிக் குறுக்கே போகும் வளைந்த எஃகுத் தண்டு. வளைவுகளில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுக்குப் போனோம். அங்கே நாமேதான் ஸ்பானர் கொண்டுபோய்க் கழற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வரிசையில் அவன் வண்டியின் அதே மாடல், எங்கோ உருண்டு நசுங்கியது, கிடந்தது. புது முட்டியோடு அதன் அடியில் நான் படுத்தேன். அவன் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான்.

“பிரசவம் பாக்குற டாக்டர்கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டான்டா.”

நான் சிரித்தேன். பழக்கதோஷம்.

வீட்டுக்கு வந்து கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தபோது, தண்டு வளைகிற இடத்தில் முடியளவு விரிசல் தெரிந்தது. எல்டன் அப்போது உள்ளே என் ஃபிரிட்ஜைக் குடைந்து சாண்ட்விச் செய்துகொண்டிருந்தான். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். யார்டில் அதே போன்ற இன்னொரு வண்டியும் கிடந்தது, அரை மணி நேர வேலைதான். நான் கறுப்பு பெயின்ட் எடுத்தேன். ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே வந்தவன், புதுசு மாதிரி இருக்கிறதே என்றான்.

பொருத்தியதில் நீங்கள் ஒரு குறை சொல்ல முடியாது. ரப்பர் புஷ் எல்லாம் புதிது. சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை முழுதும் இறங்கிய பிறகுதான் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கினேன். அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். முகமெல்லாம் பல்.

“தண்டவாளத்துல போற மாதிரி போகுதுடா. இனிமே அறுபதுல அடிச்சு விடுவேன்.”

அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். ஸ்வே பார் இல்லாதவரை அவன் நாற்பதில் உருட்டிக்கொண்டு போயிருப்பான், நூறு வயது இருந்திருப்பான். பிடிமானம் இருக்கிறது என்று நம்பிவிட்டால் மனிதனின் கால் தானாக அழுத்தும். நானும் அப்படி நம்பி வண்டி ஓட்டியவன்தானே, முப்பத்தொரு வருஷம்.

“பயப்படாம போ” என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை அவனும் கோல்பியும் மலைக்குப் போனார்கள். மலையிறக்கத்து இரண்டாவது வளைவில் தண்டு முறிந்து வண்டி உருண்டது. கோல்பிக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று. எல்டன் எந்த நிலையில் கிடைத்தான் என்பது உங்களுக்கே தெரியும். சவப்பெட்டியை முன்பக்கம் பிடித்தவன் நான். முட்டி உயிர் போகிற மாதிரி வலித்தது, ஆனாலும் பாதியில் விடவில்லை.

நேற்று நீங்கள் காட்டிய போட்டோக்களை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளத்துக்குப் போகும் பாதையில் விழுந்து கிடந்த மரங்களையெல்லாம் மாமனும் மருமகனும் அறுத்துத் தள்ளியிருக்கிறார்கள், நாலு சக்கர பைக்கில் என்னை ஏற்றிப் போகத் தோதாக. நான் எப்போதும் தரையில் உட்கார்கிற ஃபிர் மரத்தடியில் ஒரு பெஞ்ச். முட்டியை மடக்காமலே உட்கார்கிற உயரம். கேம்பரின் கீழ்ப் படுக்கையும் எனக்குத்தானாம். வேட்டை தொடங்குகிற நாள்வரை என்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று கோல்பிக்கு உத்தரவாம்.

பெஞ்ச் நல்ல வேலைப்பாடு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

விரிசலைப் பார்த்தேன். பெயின்ட் அடித்து மறைத்தது நான். வேகமாகப் போவான் என்று தெரிந்தே அனுப்பியதும் நான். எல்டனைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், மேடம். அன்று என் சமையலறையில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் பழகிவிட்டு, அவன் என்னை நம்பாமல் போனதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.