இடப்பக்கம் இழுக்கும் வண்டி

— அசையாம உக்காருங்கக்கா. நீங்க கொட்டாவி விட்டாக்கூட எனக்கு அளவு மாறுது.

— வண்டியத்தான ரிப்பேர் பாக்க வந்த தம்பி? நான் எதுக்கு இதுல ஏறி சாமி கணக்கா உக்காந்திருக்கணும்?

— ஓட்டுற ஆளு மேல இருக்கணும்க்கா. வெறும் வண்டிய அளந்தா அது பொய் சொல்லும். ஆளு ஏறுனாத்தான் முன் சக்கரம் ரெண்டும் எங்கிட்டுப் பாக்குதுன்னு நெசம் தெரியும்.

— அப்ப கண்ண மூடிக்கிறட்டுமா? இந்த வேப்பமரத்துக் காத்து ஆளச் சொக்குது.

— மூடிக்கங்க. ஸ்டேரிங்க மட்டும் நேராப் பிடிச்சுக்கங்க.

— பிடிச்சிருக்கேன். எடது கைதான் முழுசா மடங்காது. தீக்காயம்ல, வெரலு சுருங்கிப் போச்சு. இந்தக் கையாலதான் வண்டி எடது பக்கமா இழுக்குன்னு ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு.

— யாரு சொன்னா அப்படி?

— ஜாஸ்பின் சிஸ்டரு. போன வாரம் ஒரு பிள்ளத்தாச்சிய பிரசவ வார்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், வண்டி தானா ஒதுங்கி ஓரக்கல்லுல ஏறிருச்சு. அந்தப் பிள்ள வயித்தப் பிடிச்சுக்கிட்டு அலறிட்டா. மாரிசெல்வி, உங்க கை ஒத்துழைக்க மாட்டேங்குதுன்னுட்டாக. இன்னிக்கு நாலு மணிக்கு ஓட்டிக் காட்டணும். இழுத்துச்சுன்னா சாவி வேற டிரைவரு ராம்குமாருக்கு.

— உங்களுக்கு?

— எனக்கு வீட்டுச் சொவரு. இந்தக் கைய வச்சுக்கிட்டு வேற எங்கன போயி நிப்பேன்? பட்டாசுக் கம்பெனி கேட்ட நான் திரும்ப மிதிக்க மாட்டேன். இந்த பேட்டரி காரு வந்தப்புறந்தான் தம்பி, நாலு பேரு என்னப் பாத்து, யக்கா நிறுத்துங்க, நானும் வாரேன்னாக.

— சொல்லப் போனா, இது பெரிய பணக்காரவுக கோல்ஃப் வெளாடுற புல்லுல ஓட்டுற வண்டிக்கா. விருதுநகரு வெயிலுல வந்து பிள்ளத்தாச்சி சொமக்கணும்னு அதுக்கு எழுதியிருக்கு.

— அதுக்கும் இது நல்ல பொழப்புத்தான். நீ எங்க பழகுன இந்த வேல? கெடியாரம் பாக்குறவன் மாதிரி நுணுக்கமாப் பாக்குற.

— திருத்தங்கல்ல பட்டறை வச்சிருக்கேன். முன்னால லோடு வேன் ஓட்டிக்கிட்டிருந்தேன். விட்டு எட்டு வருசமாச்சு.

— ஏன் விட்ட?

— ஸ்டேரிங்கத் தொடவே மனசு ஒப்பல. அதான் வண்டிக்கு அடியில வந்து படுத்துட்டேன். இங்கன பாருங்கக்கா, தப்பு உங்க கையில இல்ல. சக்கரத்துக்கிட்ட இருக்குற ரப்பரு புஷ்ஷு தேஞ்சு போயிருந்துச்சு, மாத்திட்டேன். கல்லுல ஏறுனதுல ரெண்டு சக்கரத்தையும் சேக்குற கம்பி வளஞ்சிருந்துச்சு, புதுசு போட்டாச்சு. ஆனா எடது பட்டைதான் படுத்துக் கெடக்கு.

— பட்டைன்னா?

— சக்கரத்துக்கு மேல வில்லு மாதிரி வளஞ்சு நிக்கிற இரும்பு. நீங்க உக்காருறது வலது பக்கம். அமுங்குனா வலதுதான அமுங்கணும்? எடது பக்கம் யாரு உக்காருறா?

— யாரும் இல்ல. விட மாட்டேன். எல்லாரையும் பின் சீட்டுலதான் ஏத்துவேன்.

— பின்ன அமுக்குறது யாரு?

— வெள்ளைத்தாயா இருக்கும்.

— யாருக்கா அது?

— என் சேக்காளி, கூட வேல பாத்தவ. கண்ண மூடுனா வந்துருவா. இந்தா, இப்பக்கூட வந்துட்டா. நீ அடியில தட்டுற சத்தம் தூரமாப் போயிருச்சு. வண்டி ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டிப் போகுது. ஒரு சத்தம் இல்ல. திருத்தங்கல்ல அச்சாபீசு வாசல்ல எல்லாம் காலண்டர்த் தாளு பறந்து பறந்து ரோட்டுல விழுது. அது மேலயே ஏறிப் போறோம், தண்ணி மேல போற மாதிரி இருக்கு. அவ எனக்கு எடது பக்கம் உக்காந்திருக்கா. மூஞ்சி, கை, தலமுடி அம்புட்டும் மருந்துப் பொடி அப்பி வெள்ளி. பட்டாசுக் கம்பெனியில கம்பி மத்தாப்பு செய்யிற செட்டு, ஒத்த ரூமுக் கட்டடம், அங்கனதான ரெண்டு பேருக்கும் வேல. சாயங்காலம் பஸ்ஸுல ஏறுனா எங்களத் தொட்டுப் பாக்கும் பிள்ளைக, செலைன்னு நெனச்சு.

— பேசுவாகளா?

— ஒண்ணும் பேச மாட்டா. இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வான்னு கைய மட்டும் காட்டுவா.

— அக்கா, கண்ணத் தொறங்க. அங்கன எடது பக்கம், கால் வைக்கிற எடத்துல சாக்கு போட்டு மூடியிருக்கீகளே, துணி மூட்டைன்னுல்ல நெனச்சேன். என்ன இது?

— அத எடுக்காத தம்பி.

— எடுத்துட்டேன். ரெண்டு செவப்பு வாளி. விளிம்பு வரைக்கும் தலதட்ட மண்ணு! யக்கா, நீங்க நாப்பது கிலோ இருப்பீகளா? இது உங்களவிட கனம். நீங்களாவது பொழுதடைய எறங்கி வீட்டுக்குப் போறீக. இது ராப்பகலா இங்கனயே உக்காந்திருக்கு. பட்டை படுக்காம என்ன செய்யும்? பூச்செடிக்கா?

— எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்காக. நானும் ஆமான்னு சொல்லிருவேன்.

— நெசம் என்ன?

— செட்டுன்னு இருந்தா மண்ணு வாளி இல்லாம இருக்குமா தம்பி? எங்க ஆளுக கஞ்சி குடிக்காமக்கூட வேலைக்கு உக்காருவாக, வாளியப் பாக்காம உக்கார மாட்டாக.

— இது செட்டு இல்லையேக்கா.

— நாலு பேரு ஏறி உக்காந்தா எனக்கு எல்லாம் செட்டுதான். காலையில வந்ததும் மொதல்ல வாளியத் தொட்டுப் பாப்பேன். நெறஞ்சிருக்கான்னு. அப்புறந்தான் சாவிய நொழைப்பேன்.

— எத்தன வருசமா?

— ஓட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து. எங்க செட்டுல வாளிக்கு மண்ணு நெறைக்கிறது என் வேல. கை வெந்த அன்னிக்கு, ஆச்சு எட்டு வருசம், காலையில நல்ல மள. வெளிய கரிச மண்ணு கொழகொழன்னு கெடக்கு. லோடு ஏத்த வந்த வேன் ஒண்ணு சகதியில மாட்டிக்கிட்டு, போக முடியாம உறுமிக்கிட்டே நின்னுச்சு. நானும் வெள்ளைத்தாயும் வாசல் வழியாப் பாத்து அப்படிச் சிரிச்சோம். அப்புறம் சோத்துக்குப் போயிட்டு வந்து உக்காந்தோம், வெயிலும் வந்துருச்சு. எங்கன இருந்து வந்துச்சுன்னு தெரியல, அவ முந்தியில தீ. நான் ஓடிப் போயி வாளியத் தூக்குறேன், பூ மாதிரி மேல வருது. ஒரு பிடி மண்ணு இல்ல. இன்னொண்ணத் தூக்குறேன், அதுவும் காலி.

— ரெண்டுமாக்கா?

— கையாலயே அணச்சேன். மூணாம் நாளு, அந்தா அந்த வார்டுலதான் போனா. நெறச்சேன் நெறச்சேன்னு மனசு சொல்லுது. வாளி காலின்னு கை சொல்லுது. கைதான நெசம்? மறந்திருக்கேன். ஒரே ஒரு நாள் மறந்திருக்கேன்... என்ன தம்பி, ஸ்பானர் விழுந்துருச்சு?

— வழுக்கிருச்சு. எந்தக் கம்பெனிக்கா?

— எம். புதுப்பட்டி ரோட்டுல, வாசல்ல ரெட்டப் பன நிக்குமே. அங்கன ஏளாம் நம்பர் செட்டு. ஏன், தெரியுமா?

— வாளிய எறக்கி வச்சுட்டேன். பட்டைய நிமுத்தியாச்சு. கடைசியா ஒரு அளவு பாத்துர்றேன், அசையாதீக.

— ஸ்தோத்திரம்! என்ன மாரிசெல்வி, வண்டியிலேயே தூக்கமா? மணி நாலாச்சு.

— வாங்க சிஸ்டர். தனுஷ்கோடி தம்பி முடிச்சுட்டாப்ல.

— இந்தா பாருங்க, கேட்டுல இருந்து ஜெபக்கூடம் வரைக்கும் ரோடு நேராக் கெடக்கு. நான் ஏறிக்கிறேன். ஓட்டுங்க.

— அக்கா, பாதி ரோடு போனதும் ரெண்டு கையவும் எடுத்துருங்க.

— ஐயோ தம்பி!

— எடுங்க. நான் கூட நடந்து வாரேன்.

— கர்த்தரே! மாரிசெல்வி, நெசமாவே விட்டுட்டீங்களா?

— விட்டுட்டேன் சிஸ்டர். போகுது பாருங்க. அதுவாப் போகுது. எடதுமில்ல, வலதுமில்ல. மிதக்குது சிஸ்டர். நான் கனாக் காங்கிறேனா?

— இல்ல, நானும்ல சேந்து காங்குறேன். நிறுத்துங்க, ஜெபக்கூடத்துப் படி வந்துருச்சு! உங்க கைமேல பழி போட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க. பின்ன எதுக்குய்யா இம்புட்டு நாள் இழுத்துச்சு?

— மண்ணு சிஸ்டர், அக்கா தீ அணைக்க வச்சது. ரெண்டு வாளி எடது பக்கம் இருந்துச்சு.

— மண்ணா? தீக்குன்னா வார்டுக்கு ரெண்டு அணைக்கிற சிலிண்டர் மாட்டியிருக்கே மாரிசெல்வி! இந்தா பாருங்க, வாளி இனி வண்டியில ஏறக் கூடாது. ஒண்ணுகூட. அதுக்குச் சம்மதம்னா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லைன்னா ராம்குமாரக் கூப்பிட வேண்டியதுதான். நான் வார்டப் பாத்துட்டு வாரேன், முடிவச் சொல்லுங்க.

— ...போயிட்டாக. தம்பி, அந்த வாளிய எடுத்து வையி.

— யக்கா, வேல போயிரும்.

— போகட்டும். நேராப் போகையில நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எடது பக்கம் திரும்பிப் பாத்தேன், அவ இல்ல. இனி ஒரு நாளும் மறக்க மாட்டேன்னு அவ காலப் பிடிச்சுச் சொன்னவ நான். மறந்தவளுக்கு நேராப் போற வண்டி எதுக்கு?

— அக்கா. சகதியில மாட்டுன அந்த வேன் எப்படி வெளிய வந்துச்சுன்னு பாத்தீகளா?

— இல்ல. சோத்துக்குப் போயிட்டோம்ல. திரும்பி வரையில காணோம். அத எதுக்கு இப்பக் கேக்குற?

— கரிசல்ல சக்கரம் அமுந்துனா, அடியில காஞ்ச மண்ணு போட்டாத்தான் ஏறி வரும்.

— அந்த மளையில காஞ்ச மண்ணுக்கு எங்க போவாக? ஏன் தம்பி அழுகுற?

— ஏளாம் நம்பர் செட்டுக்குள்ள, வாசலுக்குப் பக்கத்துல, ரெண்டு வாளி தலதட்ட நெறஞ்சு இருந்துச்சுக்கா. நீங்க மறக்கல, ரெண்டையும் சக்கரத்துக்கு அடியில கொட்டிட்டு லோடோட போனவன் நான்தான்.