பச்சை எரிந்தால் போகலாம்

— மறுபடியும் சிவப்பு. நீயே பாரு மச்சான், ரெண்டு தடவை குளிச்சாச்சு, இந்தக் கதிர் பார்க்கிற மிஷின் இன்னும் கத்துது.

— பதறாதீங்க மாமா. இறங்கி இன்னொரு தடவை தேய்ச்சுக் குளிங்க. நகத்துக்குள்ள, காது மடல்ல எங்கயாவது கதிர்த் தூசி ஒட்டிட்டிருக்கும்.

— இதுக்கு மேல தேய்ச்சா எலும்புதான் மிச்சம். உங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தப்பகூட யாரும் எனக்கு இவ்வளவு சோப்பு குடுக்கல.

— இது சிரிக்கிற நேரமா?

— பின்ன, அழுதா கதவைத் திறந்துருவியா? பாப்பாவுக்கு இன்னைக்கு நெஞ்சுல ஸ்கேன் எடுக்கிறாங்கடா. உங்க அக்கா ஆஸ்பத்திரியில தனியா உட்கார்ந்திருப்பா. முதல் பையனுக்கு எடுத்தப்ப டாக்டர் அவகிட்ட திரையைத் திருப்பிக் காட்டி, ‘இந்த ஓட்டை தெரியுதா’ன்னு கேட்டாராம். அன்னைக்கும் நான் அங்க இல்ல. இதே அணு உலைக்குள்ள வால்வு பிரிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்காவது பக்கத்துல இருக்கேன்னு சொல்லிட்டு வந்தேன்.

— புரியுது மாமா. ஆனா பச்சை எரிஞ்சாத்தான் போகலாம். நானா திறந்து விட்டா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க.

— எத்தனை வருஷமா இந்த மிஷின்ல ஏறி இறங்குறேன், ஒரு நாளாவது என்னைப் பார்த்துக் கத்தியிருக்கா? அதுவும் இன்னைக்கு நான் உலைப் பக்கமே போகல. வராண்டாவுல உட்கார்ந்து ஸ்பானர் துடைச்சேன், அவ்வளவுதான்.

— பழைய தூசியா இருக்கலாம்.

— எவ்வளவு பழசு? பெரிய குழாய் உடைஞ்சப்ப உள்ள ஓடினேனே, அந்தப் பழசா?

— அதை இப்ப ஏன் இழுக்கிறீங்க?

— நானா இழுக்கிறேன்? உங்க அக்கா தினமும் இழுக்கிறா. குழாய் உடைஞ்சுது, நான் உள்ள போனேன், அடுத்த வருஷம் பையன் இதயத்துல ஓட்டையோட பொறந்தான், போயிட்டான். அவளுக்கு அதுக்கு மேல எதுவும் தெரிய வேண்டாம்.

— டாக்டர்தான் அவளுக்கே நேரா சொன்னாரே மாமா. அப்பா வாங்கின கதிர் பிள்ளைக்குப் போகுதான்னு ஆயிரக்கணக்கான குடும்பத்தைப் பார்த்தாச்சு, அப்படித் தெரியலன்னு. உலைன்னா என்னன்னே தெரியாதவங்க பிள்ளைங்களுக்கும்தான் ஓட்டை வருது.

— எலியை வச்சுச் சோதிச்சப்ப தெரிஞ்சுதுன்னும் அவரேதான் சொன்னார். மனுஷனுக்கு ‘இதுவரைக்கும்’ தெரியலன்னார். இதுவரைக்கும்னா என்னடா? நாளைக்குத் தெரியலாம். என் பேரப்பிள்ளைக்குத் தெரியலாம். அந்த ஒரு வார்த்தைக்குள்ளதான் உங்க அக்கா குடித்தனம் நடத்துறா. நானும்தான்.

— அப்போ வேலையை விட்டிருக்கலாமே.

— விட்டா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். வெளிய போய் வீடு கேட்டா, ‘உலை ஆளா’ன்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்துறான். உனக்குப் பொண்ணு கேட்டுப் போனப்ப என்ன ஆச்சு? இவன் உள்ளயே போறதில்லங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாவி திருப்புறவன்னு நான் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டாங்க.

— விடுங்க மாமா. அது என்னைக்கோ முடிஞ்சு போன கதை.

— பாப்பாவை நான் இன்னும் தொடல, தெரியுமா? பொறந்ததுலேருந்து. ரெண்டு தரம் மிஷின்ல நில்லுங்க, சட்டையை மாத்துங்க, குளிங்க, அப்புறம் எட்டி நின்னு பாருங்கங்கிறா. நானும் எட்டி நின்னுதான் பார்க்கிறேன். காது அப்படியே என் காது. தொட்டுப் பார்க்கணும்னு கை துடிக்குதுடா. நீ போய்ப் பார்த்தியா?

— வாசல்லேருந்து பார்த்தேன். எனக்குத்தான் தொண்டை சரியில்லையே.

— என்ன தொண்டையோ. ஒரு மாசம் லீவு போட்டுட்டு எங்கயோ போய் வைத்தியம் பார்த்துட்டு வந்தே. இன்னும் தகரத்தை உரசுற மாதிரிதான் பேசுறே. அந்தத் துண்டைக் கழுத்தைவிட்டு எடுக்கவே மாட்டேங்கிறே.

— சரியாயிரும். நீங்க இருங்க, சோப்பு தீர்ந்து போச்சு, ஸ்டோர்லேருந்து எடுத்துட்டு வந்துடறேன்.

— எடுத்துட்டு வா. அப்படியே எனக்குப் புதுத் தோல் ஒண்ணும் கிடைக்குதான்னு பாரு.

— …

— மச்சான். மச்சான், ஓடி வா. பச்சை. நீ போனப்புறம் சும்மா ஏறி நின்னேன், பச்சை எரியுது. சாவியைப் போடு, சீக்கிரம்.

— வந்துட்டேன், அசையாம நில்லுங்க.

— அட, சிவப்பு. நான் அசையவே இல்லையேடா.

— மிஷின் பழசு மாமா. அடுத்த ஷிஃப்ட் ஆள் வரட்டும், அவன்கிட்ட சொல்லி…

— இரு. நீ மறுபடியும் அந்த வெளி வாசலுக்குப் போ.

— எதுக்கு?

— போடா, சொல்றேன். இன்னும் தள்ளி. அங்கயே நில்லு. பச்சை. இப்ப என் பக்கம் வா.

— வேணாம் மாமா.

— வான்னா வா. இதோ, சிவப்பு. நான் நட்ட கல்லு மாதிரி நிக்கிறேன், நடக்கிறது நீதான். இது என்னைப் பார்த்துக் கத்தல, உன்னைப் பார்த்துக் கத்துது. என்னடா பண்ணிட்டு வந்திருக்கே?

— மெதுவாப் பேசுங்க. மேல மேனேஜருக்குக் கேட்கும்.

— கேட்கட்டும். சொல்லு.

— கழுத்துல கட்டி. கேன்சர். அறுத்து எடுத்துட்டு, மிச்சம் மீதியைக் கருக்கணும்னு கதிர் மாத்திரை குடுத்தாங்க. அதுதான் இன்னும் உடம்புல இருக்கு. இந்நேரம் அடங்கியிருக்கும்னு நினைச்சேன். வெளிப்பக்கம் உட்கார்றவனை மிஷின்ல ஏறுன்னு யாரும் சொல்றதில்ல, தெரியாம ஓட்டிடலாம்னு இருந்தேன்.

— அட பாவி. அக்காவுக்குத் தெரியுமா?

— எப்படிச் சொல்வேன்? உள்ளயே போகாதவனுக்கு இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்பாளே. எங்க அப்பா இந்த உலையில குழாய் வெட்டினவர் மாமா. அப்பதான் நான் பொறந்தேன். அவளும் அப்பதான் பொறந்தா.

— டாக்டர் என்ன சொன்னார்?

— அதுக்கும் இதுக்கும் சம்பந்தம்னு சொல்ல முடியாதாம், யாருக்கு வேணும்னாலும் வருமாம். அக்கா அதை நம்புவாளா? இப்ப உங்களைத் திட்டுறா, ஏதோ ஓடுது. இது தெரிஞ்சா உங்களைத் திட்டுறதை விட்டுருவா. தன்னையே பிடிச்சுக்குவா. பையன் போனது என் ரத்தத்தாலதான்னு சொல்லிச் சொல்லியே ஒண்ணுமில்லாமப் போயிடுவா.

— போவா. எனக்குத் தெரியும்.

— மேனேஜரைக் கூப்பிட்டா அவர் உங்களை உடனே விட்டுருவார் மாமா. ஆனா எனக்கு வேலை போயிரும், ஏன் போச்சுன்னு குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிஞ்சிரும். நான் கூப்பிடட்டுமா? நீங்க சொன்னா கூப்பிடறேன்.

— கூப்பிடாத. நான் இங்கயே உட்கார்றேன். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்ததும் நீ தள்ளிப் போயிடு, அவன் சாவி போடட்டும். இத்தனை நாள் அவ திட்டினதை வாங்கிக்கிட்டேன், இன்னும் கொஞ்ச நாள் வாங்கிக்கிறேன். ஒண்ணு மட்டும் கேட்கிறேன், மறைக்காமச் சொல்லு. குழந்தைங்க பக்கம் போகலாம்னாங்களா?

— கூடாது. சின்னக் குழந்தையைத் தூக்கவே கூடாது, இந்த மாசம் முடியிற வரைக்கும். அதனாலதான் வாசல்லேருந்து பார்த்தேன்.

— நல்லவேளை. அந்த மட்டுக்கும் உனக்குப் புத்தி இருந்துச்சே. உன் போன் அடிக்குது பாரு. யாரு?

— அக்கா. அப்புறம் பேசிக்கலாம் மாமா.

— அப்புறம் என்ன அப்புறம்? ஸ்கேன் முடிஞ்சிருக்கும்டா. எடுத்து ஸ்பீக்கர்ல போடு, நானும் கேட்கணும்.

— மாமா, வேணாமே…

— போடுடா.

— தம்பி, எடுத்துட்டியா? ஸ்கேன் முடிஞ்சுதுடா. ஓட்டை கீட்டை ஒண்ணும் இல்லையாம், இதயம் நல்லா இருக்காம். மாமா வெளிய வந்ததும் முதல்ல அவர்கிட்ட சொல்லு, பாவம், தவிச்சுக்கிட்டு இருப்பார். ஆனா பாப்பா கத்தித் தீர்க்கிறா, என் தோள்ல நிக்கவே மாட்டேங்கிறா. நீ சீக்கிரம் வா. வேணாம் வேணாம்னியே, உன் ஒருத்தன் உடம்புதான் சுத்தம்னு நான்தான் அவளை உன் மேல கிடத்தினேன், பாரு எவ்வளவு நல்லதாப் போச்சு. நேத்து ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில உன் கழுத்துல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு அசையாமத் தூங்கினாளே, இப்ப அந்த இடத்தைத்தான் தேடுறா.