எல்லாருக்கும் என் நம்பர்தான்

ஐயா, என் கையெழுத்து நன்றாக இருக்கும். திருச்சுழியில் மனு எழுத வருகிறவர்கள் இரண்டு கடையைத் தாண்டி என் கடைக்கு வருவதற்கு அதுதான் காரணம். அதனால்தான் ஏட்டையா எழுத உட்கார்ந்தபோது, நானே எழுதித் தருகிறேன் என்று காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று வாயால் சொன்னபோது ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அதையும் இதில் எழுதிவிடுகிறேன்.

பெயர் மாரிக்கண்ணன், வயது நாற்பத்திரண்டு, சொந்த ஊர் பரளச்சி. ஜெராக்ஸ், ஆன்லைன் மனு, ஆதார், ரேஷன் கார்டு வேலை எல்லாம் பார்க்கிறேன். ஆதார் எடுக்கத் தொடங்கிய காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரிடமும் போன் கிடையாது. படிவத்தில் போன் நம்பருக்கு ஒரு கட்டம் இருக்கும். "ஒன் நம்பரையே போட்டு விடுப்பா" என்பார்கள், போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு ரேஷன் கார்டு, பாங்கு, பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அதே நம்பர் தொடர்ந்துகொண்டே போனது. ஆளுக்கொரு போன் வந்த பிறகும் அதை யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. ஓடிபி வேண்டுமென்றால் எனக்கு ஒரு போன் போடுவார்கள். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து பார்த்துச் சொல்லுவேன்.

இப்படி நூற்று அறுபது பேருக்குப் போக வேண்டிய மெசேஜ் எனக்கு வந்துகொண்டிருந்தது. கண் முன்னால் வந்து நிற்பதைப் படிக்காமல் எப்படி இருப்பது? யார் எந்த ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளை எதற்கு விண்ணப்பித்திருக்கிறது என்பதெல்லாம் அவரவர் வீட்டாருக்கு முன்னால் எனக்குத் தெரியும். கருத்தப்பாண்டி அண்ணன் மகள் வீட்டுக்குத் தெரியாமல் மதுரையில் நர்சிங் படிக்க விண்ணப்பித்திருந்தது. டீக்கடையில் பார்த்தபோது அண்ணன் காதில் போட்டேன். பெற்றவருக்குத் தெரிய வேண்டாமா? அந்த ஆவணியிலேயே அதற்குக் கல்யாணம் முடிந்தது. இப்போது பஸ்ஸில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் கூச்ச சுபாவம்.

என் தங்கை தங்கமாரி எனக்குப் பதினோரு வயது இளையவள். அம்மா போகும்போது அவளுக்கு எட்டு வயது, அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அவளுடைய படிவங்கள் எல்லாவற்றிலும் பாதுகாவலர் என்ற இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கும். காரியாபட்டியில் லோடு வேன் ஓட்டும் ஜெயபாண்டிக்குக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். அவர்களுக்குப் புது ரேஷன் கார்டு எழுதிக் கொடுத்தபோதும் என் நம்பரையே போட்டேன்.

மாப்பிள்ளை கை நீட்டுவார். அதை நான் மறைக்கவில்லை. இரண்டு தடவை அவள் என் வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது தடவை இடது கை மணிக்கட்டு வீங்கி இருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, பதினைந்து நாள் வைத்திருந்து, நானே பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவந்தேன். போகும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை அவள் என் வீட்டுக்கு வரவில்லை. காரியாபட்டி சந்தைக்குப் போனவள் அப்படியே எங்கேயோ போய்விட்டாள். அவளுடைய பழைய நம்பருக்குப் போட்டால் போகவில்லை. நான்கு மாதம் ஒரு தகவலும் கிடையாது. எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. புருஷனிடம் சொல்லாமல் போனாள், சரி. என்னிடமும் சொல்லாமல் போய்விட்டாளே என்று நெஞ்சு எரிந்தது. அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

அப்புறம் ஒரு திங்கட்கிழமை என் போனுக்கு ஓடிபி வந்தது. ஜெயபாண்டி கார்டிலிருந்து ஒரு பெயரை நீக்கக் கேட்டிருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. அவள்தான். புதுக் கார்டு வாங்கப் பழைய கார்டில் பெயர் நீக்க வேண்டும், அதற்கு என் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும், வேறு வழியில்லை அவளுக்கு.

"அண்ணே, நான் நல்லா இருக்கேன். எங்க இருக்கேன்னு மட்டும் கேக்காதீக."

"கேக்கல தாயி" என்றேன். ஆறு எண்ணையும் நிதானமாகச் சொன்னேன். எழுதிக்கொண்டு, ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். அவளுக்குப் பழக்கிவிட்டது நான்தான்.

எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, அந்த வாக்கை மீறவில்லை. அரை மணி நேரம் பொறுத்து, நானே இன்னொரு ஓடிபி வரவழைத்து உள்ளே போய் அவளுடைய மனுவைப் பார்த்தேன். திருப்பூரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் தப்பில்லாமல் எழுதியிருந்தாள். ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து மேசை டிராயரில் வைத்தேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை மாப்பிள்ளை கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். குடியை விட்டுவிட்டேன் மச்சான், அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை என்றார். வாயில் வாடை அடித்தது. அதையும் மறைக்கவில்லை. டிராயரைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அரிவாள் கொண்டுபோவார் என்று எனக்குத் தெரியாது. எப்படிப்பட்ட ஆள் என்று தெரியும். ஆனால் பிரிந்து கிடக்கிற குடும்பம் சேர வேண்டும், அவளும் ஊர்ப் பக்கம் வர வேண்டும், நான் அவளைப் பார்க்க வேண்டும். இதைத் தவிர என் மனதில் ஒன்றும் இல்லை.

இதுவரை நேற்றே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது இதுதான்.

வியாழக்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு அவள் நம்பரிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது என்று உங்கள் பட்டியலில் இருக்கிறது. ஒரு நிமிடம் பத்து விநாடி. என்ன பேசினாள் என்று கேட்டீர்கள். சுகம் விசாரித்தாள் என்றேன். உங்கள் பட்டியலில் நேரம்தான் இருக்கும், பேச்சு இருக்காது. அது தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

அவள் மெதுவாகப் பேசினாள். "அண்ணே, அவுக வாசல்ல நிக்கிறாக. எப்படிக் கண்டுபிடிச்சு வந்தாகன்னு தெரியல. உள்ள தாழ் போட்டிருக்கேன். போலீசுக்குப் போன் போடவாண்ணே?"

என்னை அவள் சந்தேகப்படவே இல்லை. ஆபத்து என்றதும் எனக்குத்தான் போட்டிருக்கிறாள். அதைக் கேட்க எனக்கு நிறைவாகக்கூட இருந்தது, ஐயா. நான்கு மாதம் கழித்து என் தங்கை என்னிடம் யோசனை கேட்கிறாள்.

"புருஷன் பொஞ்சாதிக்குள்ள போலீசு எதுக்கு? ஒன்னக் கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்காக. தாழை எடு தாயி."

அவள் தாழை எடுக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணன் சொல்றேன்ல, எடு" என்றேன்.

இரும்புத் தாழ். எடுக்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடையில் ஆள் நின்றதால் போனை வைத்துவிட்டு, அவர் கார்டை வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கு நான் கொள்ளி வைத்த அன்றைக்கு, அண்ணன் பேச்சை மீறிப் போனதால்தான் இந்தக் கதி என்று சுடுகாட்டில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அதற்காகத்தான் இதை நானே எழுதக் கேட்டேன், எழுத்தில் இருக்கட்டும் என்று. என் தங்கை கடைசி வரைக்கும் என் பேச்சைத் தட்டியதே இல்லை, ஐயா.