உப்பளத்தில் ஒரு குதிரை

அஸ்மி: கழுதைக்குப் போய் ஆரும் 'அண்ணை' எண்டு சொல்லுவாங்களோடா!

கபிலன்: சொன்னா என்ன? என்னைவிட மூத்ததா இருக்கும்.

அஸ்மி: 'அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, கடைக்குள்ள போகோணும்'... முன்கடைச் சரீபா மாமி சிரிச்ச சிரிப்பில கையில இருந்த தேத்தண்ணி முழுக்க நிலத்தில.

கபிலன்: மன்னார்க் கழுதை மரியாதை குடுத்தாத்தான் வழி விடும். விட்டதோ இல்லையோ?

அஸ்மி: விட்டது, விட்டது. நானாட்டான்ல இருந்து நல்ல வளர்ப்புப் பெடியன் ஒருத்தன் வந்திருக்கிறான் எண்டு நினைச்சிருக்கும். இரு மச்சான், கதிரையை இழுத்துப் போடு... அது கதிரை இல்லைடா, பிரிண்டர் பெட்டி!

கபிலன்: வெளியில வெயில் அப்பிடி. உள்ள வந்தா ஆருக்கும் கொஞ்ச நேரம் இருட்டாத்தான் இருக்கும். அதை விடு... என்ர கம்பியூட்டருக்குச் சொன்ன கிராபிக்ஸ் காட் வந்ததோ?

அஸ்மி: வந்திட்டு. கொழும்பில ஒருத்தர் தனக்குப் புதுசு பூட்டிப்போட்டு இதைக் கழட்டி வித்தவர். ஒரு வருசமும் பாவிக்கேல்ல. இந்தா, கையில பிடி.

கபிலன்: அம்மாடி, பாரம்... சூடாறக் காத்து விட ரெண்டு பான். தடவிப் பாக்கவே வடிவா இருக்கு.

அஸ்மி: உன்ர பழசு ஒற்றைப் பான். அதுவும் நீ ஓடுற நெல் வெட்டு மெசின் மாதிரிக் கத்தும்.

கபிலன்: மெசினைப் பற்றிக் கதைக்காத.

அஸ்மி: ஏன்டா, பகிடிக்குச் சொன்னனான். வெட்டுத் துவங்கீட்டுதோ?

கபிலன்: ம்... கட்டுக்கரைக் குளப் பக்கம் துவங்கினவங்கள். நாளைக்கு எங்கட ஊர் வயல்.

அஸ்மி: அப்ப இனி உன்னை ஒரு மாசத்துக்குப் பிடிக்க ஏலாது.

கபிலன்: நீ கம்பியூட்டரைத் திற. காட்டிலதானே பிழை? மூண்டு மாசமாக் கேமில படம் எல்லாம் புகை மூடின மாதிரி. கரை தெரியுதில்லை, வள்ளம் தெரியுதில்லை. காட்டிலதான் பிழை, என்ன?

அஸ்மி: ...பாப்பம். முதல்ல இந்த வைக்கோல் தூசியைத் தட்டுறன். வயலை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய்.

கபிலன்: தும்மாத. உள்ள இருக்கிற சாமான் பறந்திடும்.

அஸ்மி: உனக்கு இதைப் பூட்டித் தந்து எத்தினை வருசம்?

கபிலன்: எங்கட வீட்டுக்குக் கறண்ட் வந்த வருசம். ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு. எல்லாரும் முதல்ல பிறிச் வாங்கினவை. நான் இதை வாங்கினனான். வேணுஜா மூண்டு நாள் என்னோட கதைக்கேல்ல.

அஸ்மி: கலியாணம் கட்டி ஒரு மாசம், பாவம்.

கபிலன்: பிறகு ஒருநாள் அவவைப் பிடிச்சு இருத்திக் காட்டினனான். கேமுக்குள்ள விடியுது... கடல் முதல்ல சாம்பல், பிறகு மெல்ல மெல்ல ஊதா, பிறகு தேத்தண்ணிக்குப் பால் விட்ட மாதிரி ஒரு நிறம். குதிரை கரையில நிக்குது. 'இதுக்குள்ள செக்பொயின்ற் இல்லையோ?' எண்டு கேட்டா. இல்லை எண்டன். அதுக்குப் பிறகு அவவே பின்னேரத்தில தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில இருப்பா.

அஸ்மி: உலகத்தில எல்லாரும் அந்தக் கேமில வாளெடுத்துச் சண்டை பிடிக்கிறாங்கள். நீ ஒருத்தன்தான் ஒரு சண்டைக்கும் போகாம மூண்டு வருசமாக் கடற்கரையில குதிரை மேய்க்கிறாய்.

கபிலன்: பட்ட சண்டையே காணும், மச்சான்.

அஸ்மி: ...ஓம். காணும்தான்.

கபிலன்: அந்த ஸ்க்ரூவை ஏன் இவ்வளவு நேரம் திருகுறாய்?

அஸ்மி: துருப் பிடிச்சிருக்கு. பொறு. காட்டை மாத்திறதெண்டா சும்மாவோ? எங்கட சனத்தைக் கேளு, காட் மாத்திறது எவ்வளவு பாடெண்டு.

கபிலன்: அதைச் சொல்லு! முகாமில ஒரு காட், வெளியில வர ஒரு காட், மீள்குடியேற்றத்துக்கு ஒரு காட், தகரத்துக்கு ஒரு காட்.

அஸ்மி: தொண்ணூறில எங்களைத் துரத்தின பிறகு புத்தளத்தில இருபது வருசம் அரிசிக் காட். அதைக் காட்டித்தான் வாப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில சேர்த்தவர். திரும்பி முசலிக்கு வந்தா, 'பழைய காட் செல்லாது, புதுசு எடுங்கோ' எண்டாங்கள்.

கபிலன்: இதைக் கேளு. காலமை மாமாட்டச் சொன்னனான், 'காட் மாத்த மன்னாருக்குப் போறன்' எண்டு. மனுசன் ஓடிப்போய் ஐடென்டிட்டிக் கொப்பி ரெண்டும், கிராம சேவகரின்ர கடிதமும் கொண்டுவந்து, 'தம்பி, என்ர பேரையும் பதிஞ்சு விடுங்கோ' எண்டு நிக்கிறார்.

அஸ்மி: ஹஹ்... நவரத்தினம் ஐயாவோ? நீ என்ன சொன்னனீ?

கபிலன்: என்னத்தைச் சொல்ல? வாங்கிச் சேட் பொக்கற்றுக்குள்ள வச்சனான். இஞ்ச பார், இருக்கு.

அஸ்மி: தா, அவரையும் பதிஞ்சு விடுவம். குதிரை ஒண்டு கிடைக்கட்டும் மனுசனுக்கு... சரி, இருந்திட்டுது. 'டிக்' எண்டு ஒரு சத்தம், கேட்டியோ?

கபிலன்: கேட்டது. போடு, போடு, சுவிச்சைப் போடு.

அஸ்மி: அவசரப்படாத. முதல்ல பழைய டிரைவரைத் தூக்கோணும்.

கபிலன்: ...என்ன?

அஸ்மி: பழைய டிரைவரைத் தூக்கினாத்தான் புது டிரைவரைப் போடலாம். பழையவனை வச்சுக்கொண்டு ஓட்டினா எல்லாம் குழம்பி, எங்கையாவது கொண்டுபோய் அடிக்கும்.

கபிலன்: ஆர்... ஆர் உனக்குச் சொன்னது? ஊரில ஆரும் கதைச்சவையோ?

அஸ்மி: ஊரிலயோ? டேய், நான் கம்பியூட்டருக்குள்ள இருக்கிற டிரைவரைச் சொல்லுறன். சொஃப்ட்வெயர். ஏன் முகம் இப்பிடி வேர்க்குது?

கபிலன்: ஓ... அதுவோ. மேல சுத்துற பானைக் கூட்டி விடு. புழுக்கம்.

அஸ்மி: கபிலன், மோட்டச்சைக்கிள் எங்க? பஸ்ஸிலயோ வந்தனீ?

கபிலன்: வேணுஜா கொண்டு போயிட்டா.

அஸ்மி: வேணுஜா எப்ப சைக்கிள் ஓடப் பழகினவ?

கபிலன்: நீ காட் பூட்டுறியோ, கோட்டில விசாரணை வச்சிருக்கிறியோ?

அஸ்மி: சரி, சரி... வந்திட்டுது. யா அல்லாஹ்! இஞ்ச பார்! இதுதான்டா படம். நான் இவ்வளவு நாளும் இந்தக் கடையில இப்பிடி ஒண்டைப் பார்க்கேல்ல.

கபிலன்: தள்ளு, கதிரையைக் கிட்ட விடு. என்ர கரையோ?

அஸ்மி: இல்லை. உன்ர கரையை மூண்டு வருசமாப் பாத்தாய்தானே. இது வேற இடம். பழைய காட் இதுக்குள்ள போக விட்டிருக்காது, நிண்டிருக்கும். குதிரையை இஞ்சால கொண்டுவந்திட்டன். சொல்லு, எப்பிடி இருக்கு?

கபிலன்: பளீர் எண்டு இருக்கு... எல்லாம் வெள்ளை... அட, இது உப்பளமடா!

அஸ்மி: உப்பளமோ?

கபிலன்: பின்ன? மன்னாருக்குள்ள வரேக்க பஸ்ஸில இருந்து பாக்கிறதுதானே. மத்தியான வெயிலுக்கு இப்பிடித்தான் கண்ணைக் கூசும். குவிச்சு வச்சிருக்கினம், இஞ்ச ஒண்டு, அங்க ஒண்டு. கேமுக்குள்ள உப்பளம் வச்சவன் கட்டாயம் எங்கட பக்கத்து ஆளாத்தான் இருப்பான்.

அஸ்மி: ...இன்னும் சொல்லு.

கபிலன்: எவ்வளவு அமைதி... குதிரை நடக்கேக்க உப்பு நெரிபடுற சத்தம் கேக்குதோ? மெல்லமாப் போ. வானமும் உப்பும் ஒரே நிறம், எங்க முடியுது எண்டு தெரியேல்ல. இதுக்குள்ள இப்பிடியே போய்க்கொண்டிருந்தா, மச்சான்... ஒரு ஊரும் வராது, ஒருத்தரும் மறிக்க மாட்டினம். போய்க்கொண்டே இருக்கலாம். வேணுஜாவுக்கு இதைக் காட்டோணும்.

அஸ்மி: ஆக்கள் ஆரும் நிக்கினமோ?

கபிலன்: ஒருத்தரும் இல்லை. அதுதானே வடிவு.

அஸ்மி: மிருகங்கள், பறவை... ஒண்டும்?

கபிலன்: ஒண்டுமில்லை. வெறும் வெள்ளை.

அஸ்மி: மச்சான்... நடுவில ஒரு கரடி நிக்குது. ரெண்டு காலில எழும்பி, வாயைத் திறந்துகொண்டு. பாதித் திரை அதுதான்.

கபிலன்: வெள்ளைக் கரடியோ?

அஸ்மி: கறுப்பு. உப்பளம் இல்லைடா. பனி மலை. மரங்கள் நிறைய நிக்குது, பனி விழுது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாத் தெரியுது, அவ்வளவு நல்ல காட்.

கபிலன்: காட் நல்லது.

அஸ்மி: பழசும் நல்லதுதான். போன புதன் நீ கொண்டுவந்து தந்த அண்டைக்கே போட்டுப் பாத்தனான். ஒரு புகையும் இல்லை. கரையும் தெரிஞ்சுது, வள்ளமும் தெரிஞ்சுது.

கபிலன்: அப்ப ஏன் சொல்லேல்ல? ஏன் இதைக் கொழும்பில இருந்து எடுப்பிச்சனீ?

அஸ்மி: எனக்குச் சொல்ல வாய் வரேல்ல. ஒருவேளை நான்தான் பிழையாப் பாத்தனோ, புதுசு போட்டா நீ பாத்திடுவியோ எண்டு... வல்லாஹி, நான் பிழையா இருக்கோணும் எண்டுதான் ஆசைப்பட்டனான்.

கபிலன்: நானும் அப்பிடித்தான். காட் பழுதெண்டா கழட்டி மாத்தலாம். கண் பழுதெண்டா என்னத்தை மாத்திறது, சொல்லு? டொக்டரிட்டப் போனா லைசன்சை வாங்கி வச்சிடுவாங்கள். மெசின் ஓடாட்டி எனக்கு என்ன தெரியும்? அதுதான் ஒவ்வொரு நாளும் காட், காட் எண்டு எனக்கே சொல்லிக்கொண்டிருந்தனான். சொல்லச் சொல்ல உண்மை மாதிரியே வந்திட்டுது.

அஸ்மி: கண்ணில பூ விழுந்ததா இருக்கும்டா. எங்கட வாப்பாவுக்கும் இப்பிடித்தான் வெள்ளையாத் தெரிஞ்சது. எடுத்துப்போட்டு வில்லை வச்சு விட்டாங்கள். இப்ப பேப்பர் படிக்கிறார், எங்களைக் குறை சொல்லுறார்.

கபிலன்: உங்கட வாப்பாவுக்கு எழுபது வயசு. எனக்கு முப்பத்தி மூண்டு.

அஸ்மி: ஆருக்கும் வரும். செல் குண்டு விழுந்த தூசி, முகாம், அந்த வெயில்... ஆருக்குத் தெரியும்? சனிக்கிழமை நான் கடையைப் பூட்டிட்டு வாறன், ரெண்டு பேருமாக் கண் கிளினிக்குக்குப் போவம். இன்ஷா அல்லாஹ், ஒண்டும் இருக்காது.

கபிலன்: கரடி என்ன செய்யுது இப்ப?

அஸ்மி: போயிட்டுது. மரங்களுக்குள்ள போயிட்டுது. குதிரை தனிய நிக்குது. மூக்கால மூச்சு விடுறது கூட ஆவியாத் தெரியுது.

கபிலன்: கொஞ்சம் நடக்க விடு. என்னென்ன வருகுது எண்டு சொல்லிக்கொண்டு வா... நான் கேக்கிறன்.

அஸ்மி: சொல்லுறன். கீழ ஒரு ஆறு. பாதி உறைஞ்சு போய்க் கிடக்கு. அங்கால ஒரு வீடு, புகை வருது... கபிலன், முதல்ல எனக்கு ஒரு சத்தியம் பண்ணு. நாளைக்கு நீ மெசின்ல ஏறக்கூடாது. வயலுக்குள்ள சனம் கதிர் பொறுக்கும். இப்பவே நம்பரைத் தா, முதலாளிக்கு நான் சொல்லுறன்.

கபிலன்: தேவையில்லை. மெசின் திறப்பைத் திங்கக்கிழமையே முதலாளியிட்டக் குடுத்திட்டன்.

அஸ்மி: குடுத்திட்டியோ? அப்ப இந்த மூண்டு நாளும்?

கபிலன்: காலமை வேணுஜா கட்டித் தாற சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவன். குளக்கட்டில இருந்திட்டுப் பின்னேரம் வீட்டை போவன். அவவுக்குத் தெரியாது.

அஸ்மி: ஏன்டா... திங்கக்கிழமை என்ன நடந்தது?

கபிலன்: மெசினுக்கு முன்னால வெள்ளையா ஒண்டு நிண்டது. வெட்டேக்க கொக்கு வந்து நிக்கும், தெரியும்தானே, கிட்டப் போனாப் பறந்திடும். பறக்கும், பறக்கும் எண்டுதான் விட்டனான்... பறக்கேல்ல. 'மாமா' எண்டு கத்தினது. ஒரு முழம் இருக்கேக்க பிறேக் பிடிச்சன், மெசின் நிண்டிட்டுது... வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையோட ஒரு சின்னப் பிள்ளை, அஸ்மி.