மொரீனிடம் மட்டும்

2023 செப்டம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் தூறல், பதினொரு டிகிரி. நீதிமன்றத் தாழ்வாரத்தில் அமர்ந்து, மேக்பை பறவைகளைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன். வசந்தத்தில் அவை கூட்டைக் காக்க வழிப்போக்கர்களின் தலையைக் கொத்தும். அதை எவரும் குற்றம் என்பதில்லை.

என் மனைவி கோரின் பதினான்கு மாதங்களுக்கு முன் சொல்லாமல் போய்விட்டாள். ஒன்பது ஆண்டு மணவாழ்வில் அவள் என்னிடம் மனம்விட்டுப் பேசியதில்லை. கணவரை விட்டு வந்த பெண்களின் இணையக் குழு ஒன்றில், முகம் தெரியாதவர்களிடம் பேசுகிறாள் என்று கண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, வியப்புதான் வந்தது. செத்துப்போன எங்கள் நாயின் பெயரில் அவள் எழுதிவந்தாள். அடையாளம் காண்பது கடினமாக இல்லை.

நான் மொரீன் என்ற பெயரில் சேர்ந்தேன்: வயது ஐம்பத்தொன்று, டாஸ்மேனியா. கேள்வி கேட்டால் மனிதர் பின்வாங்குவர். நாம் ஒன்றைச் சொன்னால், அதற்கு ஈடாக அவர்களும் ஒன்றைச் சொல்வர். ஆகவே நான் கேட்கவில்லை, சொன்னேன். மொரீனின் கணவன் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியதையும், நாயைச் சுட்டதையும், அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து மெல்ல அழுத்தியதையும் சொன்னேன். எதையும் புனையவில்லை, எனக்குக் கற்பனை வராது.

“எனக்கும் இதேதான் மொரீன்,” என்று எழுதினாள். “ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பானுங்க போல.”

ஆறு மாதம் அவள் ஊரைச் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் இப்படி எழுதினாள்: “தபால் ஆபீஸ் மேக்பை என்னை மட்டும் குறிவெச்சு அடிக்குது. கண்ணு தெரிஞ்சா கொத்தாதுன்னாங்க, ஐஸ்கிரீம் டப்பாவுல ரெண்டு கண்ணு வரைஞ்சு தலையில கவுத்துக்கிட்டுப் போறேன். ஊரே சிரிக்குது. அதுல ஒரு கண்ணையும் கொத்தி எடுத்துடுச்சு.”

பறவையைத் திட்டுவது முகவரி தருவதாகும் என்று இந்நாட்டில் யாரும் நினைப்பதில்லை. மேக்பை தாக்கும் இடங்களை மக்களே குறித்துவைக்கும் வரைபடம் ஒன்று இணையத்தில் உண்டு. தபால் நிலைய வாசலில் தாக்குவதாகக் குறித்திருந்தவை மூன்று ஊர்கள். இரண்டாவது ஊரில், ஒரு வேலியில் அந்த டப்பா ஒற்றைக் கண்ணோடு தொங்கியது.

நான் கதவைத் தட்டினேன், அவ்வளவுதான். பின்புற ஜன்னல் வழியாகக் குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டது அவள் முடிவு. அண்டைவீட்டார் காவலரை அழைத்தனர். மொரீனைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை.

தாழ்வாரத்தில் என் தொலைபேசி அதிர்ந்தது.

“மொரீன், அவன் வந்துட்டான். எப்படிக் கண்டுபிடிச்சான்னே தெரியல. வேற ஊருக்கு மாறிட்டேன். சின்னச் சத்தம் கேட்டாலும் தாழ்ப்பாளைப் போய்ப் பாக்குறேன். அம்மாகிட்டகூட ஊரைச் சொல்லல. உன்கிட்ட மட்டும் சொல்லட்டுமா?”

‘சொல்லு கண்ணு’ என்று எழுதி அனுப்பினேன்.

சார்ஜென்ட் ஹாலோரன் நீதிபதி கையொப்பமிட்ட ஆணையுடன் வந்தார்.

“கிட்ட போகக்கூடாது, ஃபோன் கூடாது, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பக்கூடாது. புரியுதா டெஸ்?”

“புரியுது.”

“ஆமா, எப்படித்தான் கண்டுபிடிச்ச?”

“ஒரு பறவை சொல்லுச்சு.”

“நக்கலு. இந்தா, பிடி.”

பெற்றுக்கொண்டேன். டெஸ்மண்ட் ஹார்க்னெஸ் இந்த ஆணையை எழுத்துக்கு எழுத்து மதிப்பான். ஆனால், அவளுக்கு இப்போது மொரீனை விட்டால் யாருமில்லை. இந்த நிலையில் அவளைக் கைவிடுவது கொடுமை.